மொரப்பூரிலிருந்து காசிக்குக் காரில்!

மொரப்பூர் ரயிலால் பெயர் பெற்ற ஊர். சென்னையிலிருந்து சேலம், கோவை போகும் பெரிய பாதையில் உள்ள நிலையம் அது. 1906-இல் இங்கிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலப் பாதையில் ஒரு குட்டி ரயில் கிளம்பியது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகப் போட்ட பாதை. இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1941-இல் வண்டி நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடியும் தருமபுரிக்கு 36 கிலோமீட்டரில் ஒரு ரயில் பாதை போட 2019-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். இடையில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் மொரப்பூர்க்காரர்களுக்குத் தருமபுரி போக ரோடுதான் துணை.

அந்த ரோடு தருமபுரியில் எங்கே போய்ச் சேருகிறது தெரியுமோ? கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில். 2010-இல் எண்களை மாற்றுவதற்கு முன்னால் அதன் பெயர் 7-ஆம் எண் சாலை. கன்னியாகுமரியில் ஆரம்பித்து, தருமபுரி வழியாக, 2,369 கிலோமீட்டர் ஓடி, நேரே காசியில் போய் முடிந்தது அது. காசி ரோடு இத்தனை காலமும் பக்கத்திலேயே ஓடியது. நாம்தான் அதில் சேலம் வரைக்கும் ஓசூர் வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம்!

இப்போது வீட்டுக்கு வீடு கார் வந்துகொண்டிருக்கிறது. மொரப்பூரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாத்தா, ஆயா, மகன், மருமகள், பத்து வயதுப் பேரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஆயா கேட்கிறாள்: "ஏன் கண்ணு, இந்த வண்டி காசிக்குப் போகுமா?"

"போகும் ஆயா! ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான். ராத்திரி பகலா ஓட்டினா மூணாம் நாள் கங்கையிலே முழுகலாம்" என்கிறான் பேரன், கையில் செல்போனை வைத்துக்கொண்டு.

கணக்கு சரிதான். அந்தக் கணக்கில்தான் ஆபத்தே இருக்கிறது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தாத்தா ஆயாவை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற மகன், டயருக்குக் காற்று அடிப்பதற்கு முன்னால் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாவளம் எங்கே?

காகிதத்தில் முதலில் என்ன எழுதுவது? காசி என்று எழுதாதீர்கள். முதல் நாள் ராத்திரி எங்கே படுப்பது என்று எழுதுங்கள்.

இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் தருமபுரி வட்டாரத்துப் பழைய மனிதர்களேதான். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு மைல் கற்கள் இந்தப் பக்கத்தில் கிடைத்திருக்கின்றன. "அதியமான் பெருவழி" என்று சாலையின் பெயரைப் பொறித்து, "நாவல் தாவளம்" இத்தனை காதம் என்று அவை காட்டுகின்றன. ஒரு கல்லில் 27 காதம், இன்னொன்றில் 29. எழுத்து தெரியாத வண்டிக்காரன் என்ன செய்வான்? அவனுக்காகக் கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து காதம், சின்னக் குழி ஒன்றுக்கு ஒரு காதம். விரலால் தடவிப் பார்த்தே கணக்கைத் தெரிந்துகொள்ளலாம், இருட்டிலும் படிக்கலாம்!

தாவளம் என்றால் வழிப்போக்கரும் வணிகரும் தங்குமிடம். அரண்மனை எத்தனை தூரம், தலைநகரம் எத்தனை தூரம் என்று சொல்லாமல், தங்குமிடம் எத்தனை தூரம் என்று சொல்கிறது அந்தக் கல். மாட்டுக்கு எப்போது நுகம் இறக்கலாம் என்பதுதான் வழிப்போக்கனுக்கு வேண்டிய செய்தி. இன்றைக்கு மாடு போய் மோட்டார் வந்துவிட்டது. மோட்டாருக்குக் களைப்பில்லை என்பதால் ஓட்டுகிறவருக்கும் களைப்பில்லை என்று நினைத்துவிட்டோம்.

நூறு பேரோடு போனவர்

காசி யாத்திரையைத் திட்டமிட்டு நடத்துவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் ஏனுகுல வீராஸ்வாமியைப் பார்க்க வேண்டும். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18-இல் சென்னையிலிருந்து கிளம்பினார். குடும்பத்தார், பல்லக்குத் தூக்கிகள், வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்த்துச் சுமார் நூறு பேர்! 1831 செப்டம்பர் 3-இல்தான் திரும்பினார். பதினைந்து மாதத்துக்கு மேல். ஊருக்கு ஊர் என்ன கிடைக்கும், எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே கூடாரம் அடிக்கலாம் என்று கோமலேஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்குத் தெலுங்கில் எழுதியனுப்பிக்கொண்டே போனார். அவர் காலமான பிறகு 1838-இல் பிள்ளை அதைப் புத்தகமாக அச்சிட்டார்.

அவர் போன வழி எது? ஹைதராபாத், நிர்மல், நாகபுரி, ஜபல்பூர், மிர்ஸாபூர். கிட்டத்தட்ட நம் பழைய 7-ஆம் எண் சாலையேதான்! அவர் நடத்திச் சென்ற நூறு பேருக்கும் நம் காரிலுள்ள ஐந்து பேருக்கும் கேள்வி ஒன்றே: இன்றைக்கு எவ்வளவு தூரம், இரவு எங்கே?

ஆறு நாள், ஆறு ஊர்

ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே விடுதிக்குள் போய்விட வேண்டும். இந்த இரண்டு விதியையும் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் ஊர்கள் தாமாகவே வந்து விழுகின்றன.

முதல் நாள் அனந்தபூர். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டிப் பெங்களூர் சுமார் 165 கிலோமீட்டர். அந்த நகரத்தை எந்த நேரத்தில் கடக்கிறீர்கள் என்பதில்தான் அன்றைய தினத்தின் தலைவிதி இருக்கிறது. ஆபீஸ் நேரத்தில் போய் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் போயே போயிற்று. விடியற்காலை நாலரை மணிக்கு மொரப்பூரை விட்டால் நெரிசல் முற்றுவதற்குள் தாண்டலாம். அப்புறம் சிக்கபள்ளாபூர் பக்கம் நந்தி மலை தெரியும். தாத்தாவுக்குக் காட்டுங்கள்: காவேரிப்பட்டணத்தில் காலையில் தாண்டி வந்த நம் தென்பெண்ணையும், மத்தியானம் பாமிடியை எட்டுகிறவர்கள் காணப்போகும் வடபெண்ணையும் இந்த மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன. நாம் அனந்தபூரிலேயே நின்றுவிடுவதால் வடபெண்ணையின் தரிசனம் மறுநாள் காலை!

இரண்டாம் நாள் ஹைதராபாத், 360 கிலோமீட்டர். வழியில் கர்நூலில் துங்கபத்திரை, அதற்கு மேலே கிருஷ்ணா. மூன்றாம் நாள் கோதாவரியைத் தாண்டி, நிர்மல் மலைப் பக்கம் ஏறி, அடிலாபாத். 300 கிலோமீட்டர்தான், வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள்தான் முதுகு பேச ஆரம்பிக்கும். நான்காம் நாள் நாகபுரி தாண்டி சிவனி. ஐந்தாம் நாள் ஜபல்பூர் வழியாக ரேவா. ஆறாம் நாள் காசி. பிரயாகை வழியாகவும் போகலாம், மிர்ஸாபூர் வழியாகவும் போகலாம். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

நான்காம் நாள் காலையில் ஹிங்கன்காட் என்ற ஊர் வரும். அங்கே ஒரு வெள்ளைக்காரருடைய கல்லறை இருக்கிறது. 1802-இல் சென்னையில் நில அளவையை ஆரம்பித்து, சங்கிலியும் கண்ணாடியுமாக இந்த நாட்டை அளந்துகொண்டே வடக்கே போன வில்லியம் லாம்ப்டன், 1823-இல் அங்கேதான் உயிரை விட்டார். இமயம் வரையில் அளந்து முடித்தவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள். நாம் மூன்றரை நாளில் வந்துசேரும் இடத்துக்கு அவர் இருபது வருஷம் அளந்துகொண்டு வந்தார். பேரனுக்குச் சொல்ல வேண்டிய கதை.

நாகபுரிக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் புலிக் காடு. அங்கே சாலையையே தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். புலியும் மானும் கீழே நடந்து போகின்றன, மேலே நாம் போகிறோம். வேடிக்கை பார்க்கிறேன் என்று பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். புலி வராது, பின்னால் லாரி வரும்.

எந்த மாதம்?

பள்ளிக்கூடம் மே மாதம் லீவு. ஆகையால் யாத்திரையும் மே மாதம் என்பது நம் வீட்டுப் பஞ்சாங்கம். நாகபுரிப் பக்கம் மே மாதத்தில் 45 டிகிரி வெயில் சாதாரணம். வயதானவர்களை அதில் கொண்டுபோவது விவேகமாகாது. மழைக்காலத்தில் கங்கை பெருகிப் படித்துறைகள் முழுகிவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுதும் வடக்கே மூடுபனி. முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு தெரியாது. ஐப்பசியில் மழை ஓய்ந்த பிறகோ, மாசி மாதத்திலோ போவது உத்தமம். பேரனுக்கு லீவு எழுதிக் கொடுத்தால் வாத்தியார் ஒன்றும் சொல்லமாட்டார். வரும்போது ஏழு மாநிலம் பார்த்துவிட்டு வருவானே!

வடக்கே திருவிழா எப்போது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாகையில் மகா கும்பமேளா நடந்தது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நாம் போகப்போகிற இதே ஜபல்பூர் - ரேவா சாலையில் வண்டிகள் மைல் கணக்கில் அணிவகுத்து நின்றன. மத்தியப் பிரதேசப் போலீசார் பிரயாகைக்கு நெடுந்தூரம் முன்னாலேயே வண்டிகளை மறித்து, மேலே போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. குழந்தைகளோடு காரிலேயே இரவைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் நல்ல வண்டி இருந்தது, பணம் இருந்தது, பக்தியும் இருந்தது. நாள் பார்த்ததில்தான் கோளாறு.

ஓட்டுகிறவர் யார்?

மகனே ஓட்டுவதானால் கூட இன்னொருவர் ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். மைத்துனர் வரட்டும், இல்லாவிட்டால் ஓர் ஆக்டிங் டிரைவரை அமர்த்திக்கொள்ளலாம். அவருக்குச் சம்பளம் பேசும்போதே படுக்கையும் பேசிவிடுங்கள். நம்மவர்கள் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு டிரைவரைக் காரிலேயே தூங்கச் சொல்வார்கள். கொசுக்கடியில் புரண்ட அந்த மனிதர் கையில்தான் காலையில் ஐந்து உயிர் இருக்கப்போகிறது. ஓர் அறையின் வாடகையை மிச்சம் பிடிக்கும் இடமா அது?

மோட்டார்த் தொழிலாளருக்கென்று 1961-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொதுவாக நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் ஆனால் அரை மணியாவது ஓய்வு என்று அது சொல்கிறது. சொந்தக் காருக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் தூக்கத்துக்குச் சொந்தக் கார், வாடகைக் கார் என்ற பேதம் தெரியாது. விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் தானாகவே மூடும். பாட்டைச் சத்தமாக வைப்பதும் முகத்தைக் கழுவுவதும் கொஞ்ச நேர ஏமாற்று. இறங்கி இருபது நிமிஷம் படுப்பதுதான் வைத்தியம்.

பின் சீட்டில் பெல்ட் போட ஆயா சம்மதிக்க மாட்டாள். "என்னைக் கட்டிப்போட்டா கூட்டிப் போறே?" என்பாள். 2022 செப்டம்பரில் பம்பாய்க்கு அருகே பெரிய தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தது உயர்ந்த ரகக் காரில், அவர் உட்கார்ந்திருந்தது பின் சீட்டில், பெல்ட் போட்டிருக்கவில்லை. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம்.

வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரிந்தவருடைய ஓன் போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்குப் பேசிக்கொண்டு போகும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஏதாவது நேர்ந்தால், சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வண்டியை வாடகைக்கு விட்டதாகச் சொல்லி இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். டி போர்டு வண்டி, அகில இந்தியச் சுற்றுலாப் பெர்மிட், அதைப் பார்த்த பிறகு முன்பணம்.

பணமும் புளிக்காய்ச்சலும்

போக வர நாலாயிரம் கிலோமீட்டர்; ஊர் சுற்ற ஐந்நூறு. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியானால் 300 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முப்பதாயிரம். சுங்கச்சாவடிகள் தனி. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம். சொந்தக் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-இல் ஒரு வருஷப் பாஸ் கொண்டுவந்தார்கள்: மூவாயிரம் ரூபாய்க்கு 200 சாவடிகள். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் செல்லும்; மாநில அரசுகளின் விரைவுச் சாலைகளில் செல்லாது. இவ்வளவு நீண்ட பிரயாணத்துக்கு அது லாபமா என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் லாபமாகத்தான் இருக்கும். மொத்தச் செலவைக் கூட்டி, அதில் நான்கில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்து, அதை மறந்துவிடுவது நல்லது. ரிப்பேர், வைத்தியம், ஒரு நாள் கூடுதல் தங்கல், எல்லாம் அதிலிருந்து.

ஹைதராபாத்துக்கு வடக்கே போகப் போகச் சோறு சுருங்கி ரொட்டி பெருகும். தாத்தாவுக்கு ரொட்டி இறங்காது. ஊர்ப் புளியில் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இட்லிப் பொடி, சின்னக் குக்கர், ஐந்து கிலோ அரிசி இருந்தால் ராஜபோகம். மருந்துச் சீட்டில் மருந்தின் வியாபாரப் பெயரோடு, உள்ளே இருக்கும் சரக்கின் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தருமபுரியில் கிடைக்கும் பெயர் ரேவாவில் கிடைக்காமல் போகலாம். அதே மருந்து வேறு பெயரில் இருக்கும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112 என்று பெரிய எழுத்தில் எழுதிக் காருக்குள் ஒட்டுங்கள். போகிற வழியை வரைந்த காகிதம் ஒன்று வேண்டும். காட்டு வழியில் செல்போன் கைவிட்டாலும் காகிதம் கைவிடாது.

காசியில் விசுவநாதர் கோயில் பக்கத்துச் சந்துகளுக்குள் கார் போகாது. வெளியே நிறுத்திவிட்டு ரிக்‌ஷாவில் போக வேண்டும். 1863-இல் ஏற்பட்ட நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. கேதார கட்டம், அனுமான் கட்டம் பக்கம் தமிழ்க் குரலும் கேட்கும். மூன்று நாள் தங்குங்கள். போக ஆறு, இருக்க மூன்று, வர ஆறு: பதினைந்து நாள்.

ஆனால் ஆயா ஒன்று சொல்வாள். கங்கைத் தீர்த்தத்தை ராமேசுவரத்தில் சேர்த்தால்தானே காசி யாத்திரை பூர்த்தி? அதற்கு இன்னும் இரண்டு நாள். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரியைத் தாண்டிச் சேலம், மதுரை என்று அதே சாலையில் தெற்கே போக வேண்டும். அப்படிப் போகும்போதுதான் தொப்பூர் வருகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பல வாகனங்கள் மோதி உயிர்கள் போன அதே இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பிப் பாரவண்டிகள் இறங்கும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஏழு மாநிலம் சுற்றிவந்த களைப்பு, ஊர் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்ற தைரியம், சொம்பிலே கங்கை. இந்த மூன்றோடும் அந்த இறக்கத்தில் இறங்க வேண்டாம். அன்று ராத்திரி மொரப்பூரிலேயே, சொந்த வீட்டுத் தாவளத்தில், படுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் காலை வெளிச்சத்தில், கீழ் கியரில், லாரிகளுக்கு இடம் விட்டு மெதுவாக இறங்குங்கள். ராமேசுவரம் ஒரு நாள் காத்திருக்கும்.